அருணாக்கயிறு அறுத்த காலை

சன்னாசி உடம்பிலிருந்து கழற்றாத ஒரே பொருள் அவருடைய அருணாக்கயிறுதான். குளிக்கப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். படுக்கப் போகும்போது பல்செட்டைக்கூடக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவார். இடுப்பைச் சுற்றிக் கிடக்கும் அந்தக் கறுப்புக் கயிறு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தி வரும் வெள்ளிக்கிழமையில், அவருடைய மனைவி மங்களம் அதை மாற்றுவாள். அதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் புதுக் கயிற்றைக் கட்ட வேண்டும். முடிச்சு விழுந்த பிறகுதான் பழையதைக் கத்தரிக்க வேண்டும். இடையில் ஒரு நொடிகூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. கயிறு இல்லாத இடுப்பு என்றால் அது பிணத்தின் இடுப்பு. குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு அறுத்து எடுப்பார்கள். சன்னாசியின் அப்பாவுக்கு அப்படி அறுத்ததை மங்களமே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

அவள் கட்டும்போது சன்னாசி வயிற்றை எக்கிக் கொடுப்பார்.

"போன வருஷத்தை விட இந்தக் கயிறு சின்னதா இருக்குலா," என்பார்.

"கயிறு அதே கயிறுதான். உள்ள கெடக்குற ரொட்டி சானாய்தான் கூடிப்போச்சு," என்பாள் அவள்.

இரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் குடியேறினார்கள். சன்னாசி தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினார். ஒரே மகள் சரளா படித்து, காம்பாரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தாள். வீட்டில் எது நடந்தாலும், எந்த மேசை வாங்குவது என்பதிலிருந்து சரளாவை யாருக்குக் கொடுப்பது என்பதுவரை, சன்னாசி சொல்வது ஒரே வாக்கியம்தான்: "நீ சொன்னா சரி." மற்றப் பெண்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள். மங்களத்துக்கோ சில நாள் சலிப்பாக இருக்கும். ஒரு தடவையாவது மனிதர் வேண்டும் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று நினைப்பாள்.

நெஞ்சு நோவு வந்தது இப்படித்தான். முதலில் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. வாயு என்றார். பூண்டைச் சுட்டுத் தின்றார். பிறகு ஒரு நாள் காலை, பஸ் நிறையப் பெண்களோடு போய்க்கொண்டிருந்தவர், சிக்னல் விளக்கைப் போட்டு, பஸ்ஸை ஒழுங்காக ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார். சின்ன அட்டாக்தான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்த பிறகு, அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மருத்துவர் பெயர் திருக்குமரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் இருந்தவராம். நிதானமான மனிதர். எதையும் ஒளிக்காமல், அதே சமயம் அவசரப்படுத்தாமல் பேசினார். தன் கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"பாருங்கோ அம்மா, இதுதான் இதயம் எண்டு வைப்பம். இதுக்கு ரத்தம் கொண்டு வாற குழாய் மூண்டு. உங்கட அவருக்கு மூண்டும் அடைச்சுக் கிடக்கு. காலிலயிருந்து ஒரு குழாயும் நெஞ்சுக்குள்ள இருந்து ஒண்டும் எடுத்து, அடைப்பைச் சுத்திப் புதுசாப் பாதை போடுவம்."

"மாத்திரையில கரைக்க முடியாதாங்க டாக்டர்?" என்று மங்களம் கேட்டாள்.

"மாத்திரை எப்பிடியும் வேணும். ஆனா மாத்திரையோட மட்டும் விட்டால் நோவு விடாது. அடுத்த அட்டாக் எப்ப வரும் எண்டு சொல்ல ஏலாது. வந்தால் பெரிசா வரும். குழாய்க்குள்ள கம்பி வலை வைக்கலாம்தான். இவருக்குச் சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, இருக்கிறபடியால் பைபாஸ்தான் கனகாலத்துக்கு நிக்கும். நல்லபடியா முடிஞ்சால் நோவு போகும், படியேறலாம், நடக்கலாம். ஆயுசும் கூடும்."

"நல்லபடியா முடியலைன்னா?"

மருத்துவர் முஷ்டியைப் பிரித்துக் கையை மேசைமேல் வைத்தார். "அதையும் சொல்லத்தான் வேணும். இவர் மாதிரி நூறு பேருக்குச் செய்தால் ரெண்டு மூண்டு பேர் தவறிப் போகினம். இன்னும் ரெண்டு பேர் போல பக்கவாதம் வந்து கை கால் இழுக்கலாம், பேச்சுப் போகலாம். சிலருக்கு ரத்தம் கசிஞ்சு திரும்பத் திறக்க வேண்டி வரும். சீனி இருக்கிறவைக்குப் புண் ஆறச் சுணங்கும். மிச்சப் பேர் எழும்பி வீட்டுக்குப் போகினம்."

மங்களத்துக்குக் கண்முன்னே தெரிந்தது தோட்டத்துப் பெரட்டுக்களம். விடிவதற்கு முன்னால், இருட்டில், வேலைக்காரர்கள் நூறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். கங்காணி பெயர் வாசிக்கிறார். பெரும்பாலானவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மர நிரைக்குப் போகிறார்கள். நாலைந்து பேரை மட்டும் தனியாக நிற்கச் சொல்கிறார். எதற்கு என்று சொல்வதில்லை.

"அந்த நூறு பேருல இவரு எங்க நிக்கிறாருன்னு மட்டும் சொல்லிருங்க டாக்டர்."

"அது தெரிஞ்சால் அந்த நாலைஞ்சு பேருக்கு நான் செய்யவே மாட்டனே அம்மா," என்றார் மருத்துவர். பிறகு சன்னாசியைப் பார்த்து, "ஐயா, முடிவு உங்கடதுதான். யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார்.

சன்னாசி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தினார்.

"அவ என்ன சொல்றாளோ அதான் டாக்டர்."

கூட வந்திருந்த சரளா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ப்பா, இது ஃப்ரிட்ஜ் வாங்குற விஷயம் இல்லப்பா."

"ஃப்ரிட்ஜு நல்லாத்தானே ஓடுது," என்றார் சன்னாசி.

செய்தி கேட்டு சன்னாசியின் தம்பி ஐயாவு லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமலே ஆரம்பித்தார்.

"அண்ணி, வேணாம். நல்லா இருக்கிற நெஞ்ச எதுக்குப் பொளக்கணும்? நம்ம கடைசி லயத்து மகேந்திரன் ஆப்பரேசனுக்கு நடந்துதான் போனாரு. திரும்பி எதுல வந்தாரு? பெட்டியில."

"அவரு கிட்னி ரெண்டும் போன பெறகு போனாரு தம்பி. கீழ்வீட்டு விமலாவோட வீட்டுக்காரரச் சொல்ல மாட்டேங்கிறீங்களே. அவரு பண்ணிட்டு வந்து இப்பப் பூப்பந்து ஆடுறாரு."

"அந்தாளு அப்பவும் ஆடுனாரு, தோத்தாரு. இப்பவும் ஆடுறாரு, தோக்குறாரு. அதுக்கு எதுக்கு ஆப்பரேசன்?" ஐயாவு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "காம்பார்ல ஒருத்தர் மருதம்பட்டைக் கசாயம் குடுக்குறாராம். அடைப்பெல்லாம் அப்படியே கரைஞ்சிருதாம். அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"அவளக் கேளு," என்றார் சன்னாசி, வாழைப்பழத்தை உரித்தபடி.

"இந்த வீட்டுல ஒங்களுக்கு வாய் எதுக்குண்ணே? பழம் திங்கவா?"

"ஆமா," என்றார் சன்னாசி, வாய் நிறையப் பழத்தோடு.

ஐயாவு சிரித்துவிட்டார். மங்களத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சரி என்றாலும் அவள் வாயால்தான், வேண்டாம் என்றாலும் அவள் வாயால்தான். எதைச் சொன்னாலும் பிறகு நடப்பது அவள் கணக்கில்தான் ஏறும்.

சில வாரங்கள் அப்படியே போயின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அவள் அதைப் பார்த்தாள். சன்னாசி வழக்கம்போல இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். பூட்டுச் சாவிக் கடை முன்னால் நின்றார். தொங்கும் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொஞ்ச தூரம் நடந்து, சீன மருந்துக் கடையில் காய்ந்த காளானைக் கூர்ந்து பார்த்தார். அப்புறம் நடைபாதையில் பெண்கள் நைட்டி தொங்கவிட்டிருந்த கடை. அதன் முன்னால் போய் நின்று, பூப்போட்ட ஒரு நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய வியாபாரி மாதிரி ஆராய்ந்தார்.

"என்னாங்க, எனக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"கலர் எப்படி இருக்குன்னு பாத்தேன்," என்றார். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. துணியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த மனிதர் எதையும் பார்க்கவில்லை. நோவு அடங்கும்வரை நிற்பதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாக இப்படிக் கடை கடையாக நின்று நின்று வீடு வந்து சேர்ந்தாரோ.

அவள் அந்த நைட்டியை வாங்கினாள். வீட்டுக்கு வந்து, அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள்:

"பண்ணிக்குவோங்க."

"நீ சொன்னா சரி," என்றார் சன்னாசி.

அறுவைக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்கள். நெஞ்சிலும் காலிலும் முடியை மழித்தார்கள். கிருமி போக்கும் சோப்பு கொடுத்துக் குளிக்கச் சொன்னார்கள். மோதிரம், பல்செட், கயிறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். மோதிரத்தையும் பல்செட்டையும் சன்னாசி உடனே கழற்றிச் சரளாவிடம் கொடுத்தார். மழிக்க வந்த ஆள் கயிற்றைப் பற்றிக் கேட்டபோது, "பொண்டாட்டி வந்து எடுப்பா," என்று சொல்லிவிட்டார். மங்களத்திடம் அவர் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவரை அழைத்துப் போகத் தள்ளுகட்டில் வந்துவிட்டது. நர்ஸ் வேலையிலிருந்த மலாய்க்கார மிஸ்ஸி கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க கவுனை விலக்கினாள். கயிறு இடுப்பில் இல்லை. கொஞ்சம் மேலே, விலாவுக்குக் கீழே சுருட்டி ஏற்றிவிடப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒளித்துவைத்ததுபோல.

மிஸ்ஸிக்குக் கோபம் இல்லை. இதை எடுத்தால்தான் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மருந்து பூச வேண்டும், பழைய கயிற்றில் கிருமி இருக்கும் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

சன்னாசி கையால் வயிற்றை மூடிக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம்."

"என்னப்பா நீங்க," என்றாள் சரளா. "அங்க டாக்டர் நிக்கிறாரு. ஒரு கயித்துக்காகவா?"

"ஒனக்குத் தெரியாது." அவர் மகளைப் பார்க்கவில்லை, மங்களத்தைப் பார்த்தார். "மங்களம், போலாம். வீட்டுக்குப் போலாம். நோவோட இருந்துக்கிறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்க அவள் எவ்வளவோ ஆசைப்பட்டிருந்தாள். இப்போது கேட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்தாள்.

அவள் கைப்பையில் ஒரு புதுக் கயிறு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஏதோ நினைப்பில் எடுத்துப் போட்டது. அதை எடுத்து மிஸ்ஸியிடம் காட்டினாள். இது புதுசு, சுத்தமானது, இடுப்பில் வேண்டாம் என்றால் மணிக்கட்டில் கட்டட்டுமா என்று கேட்டாள். மணிக்கட்டில் ஊசி போட வேண்டும் என்றாள் மிஸ்ஸி. கணுக்காலில்? அந்தக் காலிலிருந்துதான் குழாய் எடுப்பார்கள், மற்றதும் தேவைப்படலாம். கழுத்தில்? கழுத்திலும் ஒரு குழாய் போகும். மங்களம் கணவரின் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஒரு கயிறு கட்டும் அளவுக்குக்கூட அதில் அவளுக்கென்று இடம் மிச்சமில்லை.

திரும்பிப் போகலாம் என்றால் போகலாம். யாரும் கையைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. ஆனால் மாடிப்படி அங்கேயேதான் இருக்கும். பூட்டுக்கடையும் நைட்டிக்கடையும் இருக்கும். கடை இல்லாத ஒரு இடத்தில் அந்த நோவு வரும். அவள் மிஸ்ஸியிடம் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினாள்.

ஐயாவு அதுவரை சுவரோடு நின்றிருந்தார். முன்னால் வந்தார். "அண்ணி, நீங்க அறுக்கக் கூடாது. பொண்டாட்டி கையால கூடாது. குடுங்க, நான் அறுக்கிறேன்." கத்தரிக்கோலை வாங்கிக் குனிந்தவர், கயிற்றைத் தொட்டதும் நின்றுவிட்டார். தகப்பனாருக்கு அறுத்ததும் அவர் கைதான். "என்னால முடியாதுண்ணே," என்று சொல்லி அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மங்களம் அதை எடுத்தாள்.

"நான்தானே கட்டுனேன். நானே எடுக்குறேன். நீங்க வெளிய வந்ததும் நானே கட்டிவிடுறேன். கைய எடுங்க."

சன்னாசி அவளைப் பார்த்தார். "நீ சொன்னா சரி" என்ற வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கையை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவள் விரலைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தபோது அவர் வயிற்றை எக்கிக் கொடுக்கவில்லை. வயிறு அப்படியே கனமாகக் கிடந்தது. கட்டுத்துணி வெட்டுகிற மொண்ணைக் கத்தரிக்கோல் அது. ஒரே வெட்டில் அறுபடாமல், நூல் நூலாகக் கடித்துக் கடித்துத்தான் அறுந்தது.

"குப்பையில போட்டுறாத," என்றார் சன்னாசி. "கையில வச்சிரு."

தள்ளுகட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு இரண்டு பக்கமும் திறந்து, இரண்டு பக்கமும் மூடியது.

அதன் பிறகு அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐயாவு கீழே போய் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி வாங்கி வந்தார். அதைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். ஆறியதும் சரளா வாங்கி வைத்தாள். எதிரே ஒரு சீனக் கிழவர் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினார். மங்களம் கைக்குள் இருந்த கயிற்றை அவ்வப்போது மோந்து பார்த்தாள். வேர்வையும் சோப்பும் பவுடரும் கலந்த வாடை. வீட்டில் இருக்கும்போது அவருக்கு இப்படி ஒரு வாடை உண்டு என்றே அவளுக்குத் தெரியாது.

"இப்ப நெஞ்சத் தெறந்திருப்பாங்க இல்ல?" என்று ஐயாவு கேட்டார்.

"சித்தப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் சரளா.

சாயங்காலம் மருத்துவர் திருக்குமரன் வந்தார். முகமூடியின் தடம் கன்னத்தில் இருந்தது. மூன்று பாதையும் நல்லபடி போட்டாகிவிட்டது, இதயம் தானாகவே அடிக்கிறது, ரத்தக்கசிவு இல்லை என்றார். ஐயாவு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சரளா அழுதாள். மங்களம் கையெடுத்துக் கும்பிட்டாள். புதுக் கயிற்றை இப்போதே கட்டலாமா என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. குழாய்கள் எல்லாம் எடுக்கட்டும். முதல்ல எழும்பட்டும்."

ஆனால் அவர் எழும்ப வெகுநேரமாகியது. மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் கண் திறக்கவில்லை. பிறகு திறந்தார். ஆளைப் பார்த்தார். வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். மங்களம் குனிந்து, "என்னாங்க, நோவு இருக்கா?" என்று கேட்டாள். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். வலது கையை அவள் பிடித்து அழுத்தினாள். ஈரத்துணியைப் பிடிப்பது போல இருந்தது.

மருத்துவர் அவர்களை ஒரு சின்ன அறைக்கு அழைத்து உட்காரவைத்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். பெரிய ரத்தக்குழாயில் படிந்திருந்த கொழுப்பில் ஒரு துணுக்கு கழன்று மூளைக்குப் போயிருக்கலாம் என்றார். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். பேச்சும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்று இப்போது சொல்ல ஏலாது. பயிற்சி கொடுக்க வேண்டும்.

"இப்பிடி வரக்கூடும் எண்டு முதலே உங்களிட்டச் சொன்னனான் அம்மா."

"சொன்னீங்க டாக்டர்," என்றாள் மங்களம்.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஏமாற்றியிருந்தால் திட்டலாம். அவர் எல்லாவற்றையும் முறையாகச் சொன்னார், முறையாகச் செய்தார். கேட்டுவிட்டுச் சரி என்றவள் அவள்தான்.

"அப்ப அவரு இதயம்?"

"இதயம் நல்லா இருக்கு. இனிப் பழைய நோவு வராது."

வார்டுக்கு வெளியே ஐயாவு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு நின்றார். கயிற்றைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று மங்களம் எதிர்பார்த்தாள். அன்னைக்கே சொன்னேனே அண்ணி என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவரோ சுளைகளைப் பிரித்து, நாரை எடுத்து, அவளிடம் நீட்டினார். அவளும் வாங்கித் தின்றாள்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, சன்னாசியை நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி தூக்க வேண்டியிருந்தது. ஐயாவு ஒரு பக்கம், கீழ்வீட்டு இளைஞர்கள் மறுபக்கம். சன்னாசி இடது கையால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். இருமினால் பிளந்த எலும்பு அசையாமல் இருப்பதற்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஐயாவு நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்.

"அண்ணி சொன்னது சரிதாண்ணே. ரொட்டி சானாய் எல்லாம் உள்ளதான் இருக்கு."

சன்னாசியின் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. மங்களம் அவர் நெற்றியைப் பார்த்தாள். வேர்வை இல்லை. முகம் வெளுக்கவில்லை. இந்தப் படிகளில் ஏறத்தான் இவ்வளவும் செய்தது. நெஞ்சு ஏறத் தயாராக இருந்தது. கால்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, சரளாவும் வந்திருந்தபோது, மங்களம் அவரைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்தாள். நெஞ்சு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. காலில் ஒரு கோடு. இரண்டும் நன்றாக ஆறிக்கொண்டு வந்தன. இடுப்பைச் சுற்றி, கயிறு கிடந்த இடத்தில் மட்டும் தோல் வெளுப்பாக, ஒரு வளையமாகத் தெரிந்தது. கைப்பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்தாள். பழக்கத்தில் கத்தரிக்கோலையும் எடுத்து வந்திருந்தாள். மேசையில் வைத்த பிறகுதான், அறுப்பதற்குப் பழைய கயிறு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"கட்டட்டுமாங்க?"

சன்னாசி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டட்டுமான்னு கேக்குறேன். வேணான்னா வேணாம். நீங்களே சொல்லுங்க."

உதடு இழுத்தது. "ஆ" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் இப்போது இருந்தது அந்த ஒரு சத்தம்தான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். அது சரியா, வேண்டாமா, போதுமா, ஏன் செய்தாய் என்பதா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணோரத்தில் நீர் இறங்கியது. அறுவைக்குப் பிறகு அந்தக் கண்ணில் எப்போதுமே நீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

"எம்மேல கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதற்கும் "ஆ" என்றார்.

"அம்மா, விடுங்கம்மா," என்றாள் சரளா. "கட்டுங்க. நான் அப்பாவத் தூக்கிப் பிடிக்கிறேன்."

சரளா ஒரு பக்கம் இடுப்பைத் தாங்கிக் கொடுத்தாள். மங்களம் கயிற்றை அடியில் நுழைத்து இந்தப் பக்கம் இழுத்தாள். இரண்டு நுனிகளையும் கையில் பிடித்து, முடிச்சுப் போடக் குனிந்தாள். அப்போது சன்னாசியின் வயிறு உள்ளே போனது.

அவள் கை நின்றது. எக்கிக் கொடுக்கிறாரா, மூச்சுத்தான் அப்படிப் போனதா? முகத்தைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு திரும்ப வெளியே வரும்வரை காத்திருந்தாள். வந்தது. மறுபடி போகுமா என்று பார்த்தாள். போனது, ஆனால் அவ்வளவு உள்ளே இல்லை.

இரண்டு விரல் நுழைய இடம் விட்டு முடிச்சைப் போட்டாள். மிச்ச நுனி நீளமாகத் தொங்கியது. வழக்கமாக அதைக் கத்தரித்துச் சீராக்குவாள். சரளா மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். மங்களம் அதை வாங்கவில்லை. நுனியைச் சுருட்டி, கயிற்றுக்கு உள்ளேயே செருகிவிட்டு, சட்டையை இழுத்து மூடினாள்.